எந்தக் கணக்கில் எண்பது

எனக்குப் பயம் வந்தால் வெளியே தெரியாது. கை நடுங்காது, குரல் உயராது. நாக்கு மட்டும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என்ன தெரியும், என்ன தெரியாது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மனசுக்குள் வரிசையாக அடுக்க ஆரம்பித்துவிடுவேன். இதைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்குக் கல்லு மனசு" என்று ஓடைப்பட்டியில் எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. 2009-இல், திராட்சைக் காய் பருக்கிற பருவத்தில், ஒரு காலை நேரம் மொபெட்டில் நான் ஆற்றுப் பக்கம் போனதைப் பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அப்போது நான் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.இ. கடைசிப் பருவத்தில் இருந்தேன். பிராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டது எங்கள் கிணற்றுச் சாமான் ஒன்றைத்தான். எங்கள் திராட்சைத் தோட்டம் மேட்டு நிலம். அதற்குத் தண்ணீர் சின்னமனூர்ப் பக்கம் ஆற்றோரமாக அப்பா வாங்கிய துண்டு நிலத்துக் கிணற்றிலிருந்து, மைல்கணக்கில் குழாய் வழியாக ஏறி வர வேண்டும். எங்கள் பக்கத்தில் பலருக்கும் இதே ஏற்பாடுதான். மோட்டார் கிணற்றுக்குள்ளேயே, பாதி ஆழத்தில் போட்ட கான்கிரீட் மேடையில் உட்கார்ந்திருக்கும். அது அதிர்கிற அதிர்வில், மேலே ஏறும் இரும்புக் குழாயின் இணைப்பு வருஷா வருஷம் விரிசல் விட்டது. தேனியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா ஒரு யோசனை சொன்னார். மோட்டாருக்கும் குழாய்க்கும் நடுவே முழ நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாயைப் போட்டால், அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். நடுவில் கொஞ்சம் புடைத்த அந்தச் சாமானுக்கு அவர் வைத்த பெயர் கழுத்து.

கழுத்தை வார்ப்பதற்கு முன் கணினியில் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, உள்ளே தண்ணீரின் அழுத்தத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு இழுபடுகிறது என்று கணக்கிட வேண்டும். பாடப்புத்தகம் இதைத் திரிபு என்று சொல்லும். மாமாவுக்கு அது இழுவை. வரைந்து கட்டம் பிரித்தது நான். மென்பொருள் கல்லூரி ஆய்வகத்தில் மட்டும்தான் இருந்தது என்பதால், விடுதியில் தங்கியிருந்த என் தோழி அதை ஓட்டி முடிவை மின்னஞ்சலில் அனுப்பினாள். அதிகபட்சத் திரிபு 0.62, ரப்பர் கொடுத்தவர்கள் சொன்ன எல்லை எண்பது சதவீதம், தாங்கும், மாமாவிடம் விருந்து கேள் என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு வண்ணப் படம். புடைப்பின் நடுவில் சிவப்பு, ஓரங்களில் நீலம். அறிக்கையில் அழகாகத் தெரியட்டும் என்று படத்தின் ஓரத்து எழுத்துகளை வெட்டியிருந்தாள். மாமா கழுத்தை வார்த்தார். அப்பா அதைத் தன் கிணற்றிலேயே முதலில் மாட்டினார். பொங்கல் முடிந்த கையோடு மாட்டியது, ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் வேலை செய்தது.

அன்று காலை நான் வீட்டில் உட்கார்ந்து அறிக்கையின் நாலாவது அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா தோட்டத்தில், பந்தலுக்கு அடியில், ஆட்களோடு நின்று கொத்தில் நெருக்கமாக இருந்த காய்களைக் கழித்துக்கொண்டிருந்தாள். அப்பா விடிந்ததும் கிணற்றுக்குப் போயிருந்தார். எங்கள் பேராசிரியர் ஒரே முடிவை மூன்று விதத் திரிபாகவும் எழுதிக் காட்டச் சொல்லியிருந்தார். சலிப்பான வேலை, ஆனால் கடினம் இல்லை. கணக்கிடுவதற்குத் தேவையானதெல்லாம் தோழி அனுப்பிய கோப்பில் இருந்தது. ஒவ்வொரு கட்டத்தின் மூலைகளும் அழுத்தத்துக்கு முன் எங்கே இருந்தன, பின் எங்கே போயின என்பதுதான் அது.

சிவப்புப் பகுதியில் அதிகம் இழுபட்ட ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டேன். அதன் ஓர் ஓரம் முன்பு 2.00 மில்லிமீட்டர். அழுத்தத்துக்குப் பின் 3.72. முதல் விதம், எல்லோருக்கும் தெரிந்த சாதாரண விதம். நீண்டதைப் பழைய நீளத்தால் வகுக்க வேண்டும். 1.72-ஐ இரண்டால் வகுத்தால் 0.86.

0.62 வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். கட்டத்தின் எண்ணைச் சரிபார்த்தேன். கால்குலேட்டரில் மறுபடி போட்டேன். 0.86.

இரண்டாவது விதத்தில் நீட்சியை ஒரே இழுப்பாகப் பார்ப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிறு நீட்சியையும் அந்தந்த நேரத்து நீளத்தால் வகுத்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வகுக்கிற நீளம் வளர்ந்துகொண்டே போவதால் விடை சிறிதாக வரும். கால்குலேட்டரில் அதற்கு ஒரே பொத்தான், மடக்கை. 1.86-இன் மடக்கை 0.62.

மூன்றாவது விதத்தில் நீளங்களின் வர்க்கத்தை எடுக்க வேண்டும். அதில் 1.23 வந்தது. ரப்பர் ஒன்று, இழுப்பு ஒன்று, எண்கள் மூன்று. மூன்றும் சரி. அதுதான் என்னை அச்சுறுத்தியது. தப்பான எண்ணாக இருந்தால் எங்கேயாவது இடித்திருக்கும், யாராவது கேட்டிருப்பார்கள். 0.62 சரியான எண். பெரிய இழுப்பு வரும் கணக்குகளில் அந்த மென்பொருள் நாம் கேட்காமலே மடக்கைத் திரிபைத்தான் காட்டும். எந்தத் திரிபு என்று படத்தின் ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கும். அந்த ஓரம்தான் வெட்டுப்பட்டிருந்தது.

நாக்கு ஒட்டிக்கொண்டது. மனசுக்குள் வரிசை ஓட ஆரம்பித்தது. தெரிந்தது: 0.62 மடக்கைக் கணக்கு. தெரியாதது: ரப்பர்காரர்களின் எண்பது எந்தக் கணக்கு. தோழி பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள், கிடைக்க மாட்டாள். மாமாவை அழைத்தேன். பட்டறையில் மிஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே எடுத்தார்.

"என்ன மருமகளே, காலங்காத்தால? விருந்து கேக்கவா?"

"மாமா, ரப்பர்காரவுக எண்பதுன்னு சொன்னாகளே, அத எப்படி அளந்தாக?"

"எண்பதுன்னா எண்பதுதான். அதுல எத்தன தினுசு இருக்கு? நாட்டுக் கத்தரி, ஒட்டுக் கத்தரின்னு பிரிக்க இது என்ன சந்தையா?"

"வெளாட்டு இல்ல மாமா. அளக்கும்போது நீங்க பக்கத்துல நின்னீகளா?"

"நின்னேன். பட்டையில ரெண்டு கோடு போட்டாக. நடுவுல பத்து சென்டி. இழுத்து ஸ்கேல வச்சாக. பதினெட்டு வரைக்கும் ஒண்ணும் ஆகாது, அதுக்கு மேல நித்தம் இழுபட்டா கீறல் விட்டுப் பிஞ்சிரும்னாக. ஏன், என்னாச்சு?"

பத்து பதினெட்டானால் எண்பது என்பது சாதாரணக் கணக்கு, அதில் எங்கள் கழுத்து எண்பத்தாறு. "நம்ம கழுத்துல பத்து சென்டி பதினெட்டரையத் தாண்டுது மாமா."

மிஷின் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"மச்சான் எங்கன இருக்காக?" என்று கேட்டார்.

"கெணத்துல."

அதற்கு மேல் இருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பகலில் மும்முனை மின்சாரம் பத்து மணி வாக்கில்தான் வரும், சில நாள் முன்னேயும் வரும். வந்ததும் மோட்டார் தானாக ஓடுவதற்கு எல்லோரையும் போல அப்பாவும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருந்தார். மின்சாரம் வருவதற்கு முன்பே கிணற்றில் இறங்கி, பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பி, வால்வை மூடி வைத்துவிட்டு மேடையில் குந்தியிருப்பார். மோட்டார் சத்தம் எடுத்ததும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார். ஒரு நிமிஷத் தண்ணீரும் வீணாகக் கூடாது என்பதால் எங்கள் பக்கத்தில் வந்த பழக்கம் இது. வால்வு மூடியிருக்கும் அந்தச் சில நிமிஷங்களில்தான் கழுத்துக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அந்த உச்சத்தைத்தான் நான் கணினிக்குக் கொடுத்திருந்தேன். அந்த உச்சத்தில், ஒரு கை தூரத்தில், அப்பாவின் முகம் இருக்கும்.

அப்பாவின் செல்லுக்கு அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல். கிணற்றுக்குள் எப்போதும் அதே பதில்தான்.

உடனே வெடிக்கும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஆனால் வெடிக்காது என்று சொன்ன கணக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இப்போது இல்லை. பொங்கலிலிருந்து தினமும் எல்லையைத் தாண்டி இழுபட்ட ரப்பர் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மொபெட்டை எடுத்தேன். வெயில் ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள், கல்தூண்கள், கம்பி. எங்கள் ஊரில், கிணற்று மேட்டில் சுவிட்சுகள் இருக்கும் மோட்டார் அறைகளுக்கு வெளியே ஒரு குண்டு பல்பு தொங்கும். மும்முனை வந்தால் மட்டும் எரிகிற மாதிரி அதை இணைத்திருப்பார்கள். தூரத்தில் வேலை செய்பவர்கள் நிமிர்ந்து பார்த்தாலே மின்சாரம் வந்துவிட்டது தெரிய வேண்டும் என்பதற்காக. நான் சாலையைப் பார்க்கவில்லை, அந்தப் பல்புகளைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். முதல் பல்பு எரியவில்லை. அடுத்ததும் எரியவில்லை. ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. திராட்சைக் கூடை ஏற்றிக்கொண்டிருந்த லாரி பாதி சாலையை அடைத்து நின்றது.

"அண்ணே, வழி விடுங்க."

"எங்க ஆத்தா பறக்குற? கல்யாண வீட்டுலயா தாலிய மறந்துட்டு வந்த?" என்றார் ஓட்டுநர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் லாரியைப் பின்னுக்கு எடுக்கும் வரை காலை ஊன்றி நின்றேன். பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திருகினேன், அது சரியாகத்தான் மூடியிருந்தது. மறுபடியும் திருகினேன்.

மேடு இறங்கி, தென்னையும் வாழையும் ஆரம்பித்த பிறகு பல்புகள் தெரியவில்லை. அதற்குப் பிறகு காதை நம்பிப் போனேன். எங்கேயாவது ஒரு மோட்டார் உறுமினால் எல்லா மோட்டாரும் உறுமிவிட்டது என்று அர்த்தம். என் வண்டியின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. இரண்டு முறை இன்ஜினை அணைத்துக் கேட்டேன். இரண்டாவது முறை அணைத்தபோது, இப்படி நின்று கேட்பதே நேரத்தை வீணாக்குவது என்று உறைத்தது. பிறகு நிற்கவில்லை.

கிணற்றடியில் அப்பாவின் செருப்பு கிடந்தது. செருப்பு மேலே இருந்தால் ஆள் கீழே. மோட்டார் அறைப் பல்பு எரியவில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டால் அவர் ஏன், என்ன என்று கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நேரே அறைக்குள் போய் மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

அதற்குப் பிறகுதான் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன். ஆயில் டின் மேல் உட்கார்ந்தேன். நிதானிப்பதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. வெளியே பல்பு எரிந்தது. பல்புக்கான வயர் மெயினுக்கு முன்பே பிரிந்து போகிறது, அதனால் அது எரியும். வாழைத்தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் எடுத்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று, பிறகு எல்லாம். எங்கள் கிணற்றில் மட்டும் சத்தம் இல்லை.

"ஏலே, யார்றா அது மேல? மெயின எவன்டா இறக்குனது?" கிணற்றுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வட்டமாகச் சுற்றி மேலே வந்தது.

விளிம்புக்குப் போனேன். "நான்தான்ப்பா."

கீழே அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது. கையைப் புருவத்துக்கு மேல் வைத்து அண்ணாந்து பார்த்தார். "ஏ ஆத்தா, நீ எங்கன இங்க வந்த? ஏத்து, ஏத்து. ஊரெல்லாம் ஓடுது. காய் பருக்கிற நேரம், ஒரு தண்ணி தப்புனா போச்சு."

"ஏத்த மாட்டேன்ப்பா. நீங்க அந்தக் கழுத்துக்கிட்ட இருந்து வெலகுங்க."

"ஏன், அது கடிக்கவா போகுது?"

"கணக்கு தப்பாயிருச்சு."

அவர் கழுத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஒங் கணக்கா?" என்றார்.

"எங் கணக்கும், எங்கூடப் படிக்கிறவ கணக்குந்தான்."

"ஒழுகலையே ஆத்தா. ஒரு சொட்டு ஒழுகல. நீ இறங்கி வந்து பாரு."

கிணற்றுச் சுவரில் நீட்டியிருக்கும் படிக்கற்களில் நான் அதுவரை இறங்கியதே இல்லை. பெண்பிள்ளைகளை இறங்க விடுவதும் இல்லை. சுவரைப் பார்த்தபடி, ஒவ்வொரு கல்லாகக் காலால் தேடி இறங்கினேன். மேடையில் அப்பா என் கணுக்காலைப் பிடித்து ஊன்ற வைத்தார். அவர் கை ஈரமாக இருந்தது, பம்புக்குத் தண்ணீர் ஊற்றிய ஈரம்.

கழுத்தைப் பார்த்தேன். என் படத்தில் இருந்த சாமான் இல்லை அது. நடுப் புடைப்பைச் சுற்றி சைக்கிள் டியூபை வாராகக் கிழித்து, இறுக்கி, இரண்டு அடுக்காகச் சுற்றியிருந்தது.

"இது என்னப்பா?"

"புதுச் சாமான அப்படியே நம்பி விட முடியுமா? மாட்டுன அன்னைக்கே சுத்துனேன். ஒங்க மாமன்ட்ட சொல்லல, சொன்னா மூஞ்சியத் தூக்குவாப்ல." இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எங்கள் பக்கத்தில் எந்த இணைப்பானாலும், புதிதோ பழையதோ, டியூப் வார் சுற்றாமல் விட மாட்டார்கள். ஒழுகினால் நிற்கும், ஒழுகாவிட்டால் பாதுகாப்பு. வண்டி டியூப் இல்லாத தோட்டக்காரர் வீடு கிடையாது.

நடுவை இறுக்கிக் கட்டினால் ரப்பர் அங்கே புடைக்க முடியாது. அது கட்டின் ஓரத்தில் போய்ப் புடைக்கும், இன்னும் கொஞ்சம் இடத்துக்குள், இன்னும் அதிகமாக. என் கணக்கில் டியூப் வார் இல்லை. அப்படியென்றால் 0.62-ம் இல்லை, 0.86-ம் இல்லை. எந்த எண்ணுக்குப் பயந்து இவ்வளவு தூரம் வந்தேனோ, அந்த எண்கூட இந்தக் கழுத்தினுடையது இல்லை.

"அவிழுங்கப்பா" என்றேன்.

என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும், மறுக்காமல் அவிழ்த்தார். வார் சுற்றுச் சுற்றாகக் கழன்றது. உள் அடுக்கு ஈரமாக இருந்தது. அப்பா அதை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார். ஒழுகியிருக்கிறது. வெளியே வரவில்லை, அவ்வளவுதான். கட்டின் ஓரம் இருந்த இடத்தில், கழுத்தைப் பாதி சுற்றி, மெல்லிய கோடுகள் ஓடின. ஒரு கோட்டில் என் கட்டைவிரல் நகத்தை வைத்தேன். நகம் உள்ளே போனது. தடுக்கிற எதுவும் நகத்தில் படவில்லை.

அப்பா குனிந்து பார்த்தார். பிறகு, தான் வழக்கமாகக் குந்துகிற இடத்தில் போய்க் குந்தினார். வால்வின் மேல் கையை வைத்தார். தலையைத் திருப்பினார். கீறல் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. அப்படியே எழுந்துவிட்டார்.

மேலே ஊர் முழுக்க மோட்டார்கள் ஓடின. நாங்கள் இருவரும் மேடையில் ஒரு பக்கமாக ஒதுங்கி, சுவரோடு ஒட்டி நின்றோம். மெயின் இறக்கியிருந்தது. எதுவும் நடக்காது என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் கழுத்துக்கு எதிரே நிற்க இருவராலும் முடியவில்லை.

"அம்மாட்ட சொல்லாத" என்றார் அப்பா.

கழுத்தைக் கழற்றி, சாக்கில் கட்டி மேலே ஏற்றினோம். மாமா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். சாக்கை அவிழ்த்துப் பார்த்தவர், வாரைப் பற்றியும் கேட்கவில்லை, என் எண்ணைப் பற்றியும் கேட்கவில்லை. பழைய இரும்பு இணைப்பை எடுத்து வரச் சொல்லி அதை மாட்ட ஆரம்பித்தார். அது முடிவதற்குள் மின்சாரம் போய்விட்டது. அன்றைக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை.

சாயங்காலம் அம்மா பந்தலிலிருந்து வந்ததும் முதலில் கேட்டது அதைத்தான். "ஏன் இன்னைக்குத் தண்ணி வரல?"

"கரண்டு வரல" என்றார் அப்பா, சோற்றிலிருந்து தலையை எடுக்காமல்.

"அடேயப்பா. பக்கத்துக் காட்டுல, எதுத்த காட்டுல, எல்லா வாய்க்கால்லயும் தண்ணி ஓடுது. நம்ம வீட்டுக்கு மட்டும் கரண்டு கோவிச்சுக்கிருச்சாக்கும்." என்னைப் பார்த்தாள். "நீ என்னடி, இன்னும் சாப்பிடாம உக்காந்திருக்க?" பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். படிக்கல் உரசி உள்ளங்கையில் தோல் வழன்றிருந்தது. அது எந்தக் கல் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டாள்.

தோழியிடம் மறுநாள் சொன்னேன். போனில் அவள் அழுதாள், நான் அழவில்லை. அறிக்கையில் கழுத்து தாங்காது என்று எழுதினோம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்தத் திரிபு என்று எழுதினேன், எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர், ஒரு தடவை சொன்னால் போதாதா என்று கேட்டார். போதாது சார் என்றேன்.

அறிக்கை முடிவதற்கு முன்பே எங்கள் கிணற்றில் ஒரு பழக்கம் முடிந்திருந்தது. அன்றைக்கு அடுத்த நாள் காலை நான் அப்பாவோடு கிணற்றுக்குப் போனேன். அவர் இரும்பு இணைப்பைப் பார்க்கக் கீழே இறங்கினார், பம்பில் தண்ணீர் ஊற்றினார், வால்வை மூடினார். நான் மெயின் பக்கத்தில் நின்றேன். பல்பு எரிந்தது.

"ஏத்து ஆத்தா" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

கை கைப்பிடியில் இருந்தது. இரும்பு பழைய சாமான், வருஷக்கணக்கில் ஓடியது, என் கணக்கு எதுவும் அதில் இல்லை. இவ்வளவும் தெரிந்தும் கை மேலே போகவில்லை.

"நீங்க மேல வாங்கப்பா. வந்ததுக்குப் பெறகு ஏத்துறேன்."

"வால்வ யாரு தெறக்குறது?"

"மோட்டார் எடுக்கட்டும். கொஞ்ச நேரம் ஓடுறதக் கேப்போம். அப்பறம் இறங்கித் தெறங்க."

அவ்வளவு நேரமும் தண்ணீர் வீண், மூடிய வால்வோடு பம்பு சூடாகும், பக்கத்துக் காட்டுக்காரன் சிரிப்பான் என்று கீழேயிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். நான் கைப்பிடியை ஏற்றவில்லை. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. பிறகு படிக்கல்லில் அவர் கால் வைக்கும் சத்தம் கேட்டது. தலை தெரிந்தது, தோள் தெரிந்தது. அவர் விளிம்பைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, என் பக்கத்தில் வந்து நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் ஏற்றினேன்.

மோட்டார் எடுத்தது. இருவரும் அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றோம். அந்த வாரமே அப்பா ஆட்டோ ஸ்டார்ட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டார்.